சூழ்ச்சியாளர் இருவர்

கண்ணகி ஏறிய நெடுவேள்குன்றம் நம் திருச்செங்கோடே என்பர் அடியார்க்குநல்லார். அவளை அக்குன்றுவரை செலுத்தியது ஒரு பொற்கொல்லனின் சொல். அவனைக் கம்பர் காட்டும் கூனியோடு ஒப்பிட்டு நோக்குவாம்.

இருவர்க்கும் அதிகாரம் இல்லை. கேட்போரின் மனநெகிழ்ச்சியே கருவி. தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்த பாண்டியனிடம், அரண்மனைச் சிலம்பைத் தான் கவர்ந்ததை மறைத்துக் கோவலனைக் கள்வனென்றான் பொற்கொல்லன். பின்னர்க் கண்ணகி தன் சிலம்பை உடைத்தாள். தேவியின் சிலம்பிலுள்ள முத்தன்று, மாணிக்கப் பரலே தெறித்தது. பொய் வெளிப்பட்டது.

கூனியோ நிகழாத ஒன்றைக் கூறினாளல்லள். இராமன் முடிசூடுவது மெய். அம்மெய்யையே பரதனுக்கு வருங் கேடாகத் திரித்தாள். மகிழ்ந்து மணிமாலை பரிசளித்த கைகேயியின் தாயன்பே அச்சமாக மாறிற்று.

பொய்யைச் சான்றால் சோதிக்கலாம். திரித்த மெய்யையோ கேட்பவர் தம் நெஞ்சினுள்ளேயே சோதித்தல் வேண்டும். ஆதலின், மாணவ நண்பர்காள், கூனிக்கே மிகுதியும் அஞ்சுவோமாக.