அடித்தல் திருத்தலில் மலர்ந்த ஓவியங்கள்

1900-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மகாகவி ரவீந்திரநாத தாகூர் தம் நண்பரும் விஞ்ஞானியுமான ஜகதீச சந்திர போஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் வரைபுத்தகத்துடன் அமர்ந்து படம் வரைந்து பார்ப்பதாகவும், அவை பாரிஸ் நகரக் கண்காட்சிக்கு உரியவை அல்ல என்றும், பென்சிலைவிட அழிப்பானுக்கே அதிக வேலை இருப்பதாகவும் அதில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்.

அந்த வேடிக்கைக்கு அடியில் ஓர் ஐயம் மறைந்திருந்தது. கவிதையிலும் இசையிலும் கதையிலும் தயக்கமின்றி உலவிய முப்பத்தொன்பது வயதுக் கவிஞர், கோடுகளின் முன்னே தம்மைத் தகுதியற்றவராகக் கருதினார். பின்னர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியம் அவரது வாழ்வில் முக்கிய இடம் பெறவில்லை.

1924-இல் அவர் தென் அமெரிக்காவுக்குப் பயணமானார். உடல்நலம் குன்றி, அர்ஜென்டினாவில் விக்டோரியா ஓகாம்போ என்னும் எழுத்தாளரின் விருந்தினராகச் சில வாரங்கள் தங்கினார். அந்நாட்களில் 'பூரபி' என்னும் தொகுதிக்கான கவிதைகளை எழுதி வந்தார். எழுதும்போது பிடிக்காத சொற்களை அடிப்பார். அடித்த கோடுகள் பக்கத்தை அலங்கோலமாக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஆகவே ஒரு கோட்டை இன்னொரு கோட்டோடு இணைத்தார். அவற்றிலிருந்து விசித்திரமான பறவைகளும் விலங்குகளும் முகங்களும் எழுந்தன. தவறுகளே உருவங்களாயின! அவற்றின் தனித்தன்மையை ஓகாம்போ உடனே உணர்ந்துகொண்டார்.

1930-இல், எழுபதை நெருங்கும் வயதில், தாகூரின் முதல் ஓவியக் கண்காட்சி நடைபெற்றது. எந்த நகரில்? எந்த நகருக்குத் தம் படங்கள் உரியவை அல்ல என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதினாரோ, அதே பாரிஸ் நகரில்! தம் இறுதிக் காலத்திற்குள் அவர் ஈராயிரத்திற்கும் மேற்பட்ட ஓவியங்களைப் படைத்தார். அவை இன்று நாட்டைவிட்டு வெளியே விற்கப்பட முடியாத கலைச்செல்வங்களாக இந்தியச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன.

பென்சில் பிடித்து வரைய அமர்ந்தபோது வராத கலை, சொற்களை அடித்துத் திருத்தும்போது எவ்வாறு வந்தது? தன்னையே ஐயுறும் ஒவ்வொருவரும் சிந்திக்க வேண்டிய வினா இது.

மனமும் புத்தியும்

வேதாந்தம் அந்தக்கரணத்தை மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பகுத்துக் காட்டுகிறது. 'இப்படியா, அப்படியா' என்று அலைந்து பல வடிவங்களைக் கற்பிப்பது மனம். 'இதுவே சரி' என்று நிச்சயிப்பது புத்தி. அனுபவங்களின் பதிவுகளைச் சேமித்து வைப்பது சித்தம். 'நான் செய்கிறேன்' என்று உரிமை கொண்டாடுவது அகங்காரம்.

ஆக்கம் என்பது இவற்றின் முறையான கூட்டுறவு. சித்தம் பொருளைத் தர வேண்டும். மனம் அதை வடிவங்களாக விரிக்க வேண்டும். அதன்பின் புத்தி நல்லதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தன்னை ஐயுறுபவரிடம் இந்த வரிசை குலைந்துவிடுகிறது. மனம் முதல் கோட்டை இழுக்கும் முன்பே அகங்காரம் முந்திக்கொண்டு, 'இதைப் பார்ப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?' என்று கேட்கிறது. விதை முளைக்கும் முன்பே கனியின் சுவையைப் பற்றித் தீர்ப்பு வழங்கப்படுகிறது. விதை மண்ணுக்குள்ளேயே மடிகிறது.

தாகூர் கையெழுத்துப் பக்கங்களில் கோடுகளை இணைத்தபோது, தாம் ஓவியம் வரைவதாகவே கருதவில்லை. ஆகவே தீர்ப்புக் கூறுபவனுக்கு அங்கே வேலை இல்லை. தடை விலகியதும், உள்ளே இருந்தது வெளிப்பட்டது.

பணிவும் தாழ்வுணர்ச்சியும்

'என்னால் இயலாது' என்பதைப் பணிவு என்று பலர் கருதுகின்றனர். அது பெரும்பிழை. பணிவுடையவர் தம் திறமையை இறைவனின் கொடையாகக் கருதிச் செயலில் இறங்குகிறார். தாழ்வுணர்ச்சி உடையவரோ தம்மையே எண்ணி எண்ணிச் செயலிலிருந்து விலகுகிறார். 'நான் பெரியவன்' என்பதிலும் 'நான்' நடுவில் இருக்கிறது; 'நான் எதற்கும் உதவாதவன்' என்பதிலும் அதே 'நான்' நடுவில் இருக்கிறது.

கடோபநிடதத்தின் நசிகேதன் என்னும் சிறுவனை சுவாமி விவேகானந்தர் பெரிதும் போற்றினார். சிரத்தை உள்ளே புகுந்ததும் அச்சிறுவன் தன்னை எடைபோட்டுப் பார்க்கிறான். பலரைவிடத் தான் முன் நிற்பதையும், வேறு பலருக்கிடையே நடுவில் நிற்பதையும் அவன் காண்கிறான். தான் எல்லாரினும் சிறந்தவன் என்று அவன் சொல்லிக்கொள்ளவில்லை. ஒன்றுக்கும் உதவாதவன் என்றும் நினைக்கவில்லை. சிரத்தை என்பது இந்த நேர்மையான, அச்சமற்ற தன்மதிப்பீடே.

அச்சத்துடனேயே எழுந்தவர்

சிரத்தை உடையவருக்குத் தயக்கமே வராது என்று எண்ண வேண்டியதில்லை. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவை தொடங்கியபோது, சுவாமி விவேகானந்தர் தம் முறையை மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டார். மற்றவர்கள் உரைகளைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தனர். அவரிடம் எதுவும் இல்லை. தமது நெஞ்சு படபடத்ததையும் நாவு உலர்ந்ததையும் அவரே, சென்னையிலிருந்த சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு அதே ஆண்டு நவம்பரில் எழுதிய கடிதத்தில் மறைக்காமல் தெரிவித்தார். இறுதியில் அவர் கலைமகளை மனத்தால் வணங்கி எழுந்தார். அவையோரைச் சகோதர சகோதரிகளாக அழைத்தார். அரங்கமே எழுந்து ஆரவாரித்தது.

படபடப்பு நீங்கும்வரை அவர் காத்திருக்கவில்லை. படபடப்புடனேயே எழுந்தார். எழுந்தபோது, 'எனது உரை' என்னும் சுமையைத் தேவியின் திருவடியில் இறக்கி வைத்துவிட்டார்.

அன்றாடப் பயிற்சி

கற்பனைத்திறன் கவிஞர்களுக்கும் ஓவியர்களுக்கும் மட்டும் உரியதன்று. அடம்பிடிக்கும் குழந்தைக்கு அந்த நொடியில் ஒரு கதை புனையும் பாட்டி, மீந்த சோற்றில் புதிய சுவை காணும் இல்லத்தரசி, சப்பாத்தியைப் பிய்த்துப் பின்னக் கணக்கை விளக்கும் ஆசிரியர் ஆகிய அனைவரும் படைப்பாளிகளே. இத்திறனை வளர்க்க விரும்புவோர் சில எளிய நியமங்களைக் கடைப்பிடிக்கலாம்.

முதலாவது, நாள்தோறும் குறித்த நேரத்தில் கால்மணி நேரமாவது ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்தல். எழுதலாம், வரையலாம், பாடலாம், கோலமிடலாம். ஜபத்தைப் போலவே இதிலும் அளவைவிட ஒழுங்கே முக்கியம்.

இரண்டாவது, செய்யும் வேளையையும் சீர்தூக்கும் வேளையையும் பிரித்து வைத்தல். இன்று எழுதியதை இன்றே திருத்தாமல், மறுநாள் அமைதியாகப் படித்துத் திருத்தலாம். அப்போது புத்தி பகைவனாக அல்லாமல் நண்பனாகப் பணியாற்றும்.

மூன்றாவது, பிழையை உடனே அழிக்காமல், அதிலிருந்து வேறு என்ன பிறக்கும் என்று பார்த்தல். கோலத்தில் பிசகிய ஓர் இழை புதிய கொடியாகப் படரக்கூடும்.

நான்காவது, செய்ததை இறைவனுக்கு நிவேதனமாக்குதல். புகழ் வந்தால் அது அவருடையது. குறை இருந்தால் அது அடுத்த நாளுக்கான பாடம். பலனில் பற்று தளரும்போது அச்சத்தின் வேரும் தளர்கிறது.

இதில் பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு. குழந்தை வரைந்த யானையைப் பார்த்து, 'இதுவா யானை?' என்று சிரிப்பவர், அக்கணமே அதன் கையில் அழிப்பானைத் திணிக்கிறார். அக்குழந்தை மீண்டும் வண்ணத்தைக் கையில் எடுக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். எடுக்காமலே போய்விடவும் கூடும். மாறாக, 'இந்த யானை எங்கே போகிறது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். குழந்தை அடுத்த படத்தைத் தொடங்கிவிடும்.

ஒவ்வொருவருடைய வாழ்க்கைப் பக்கத்திலும் அடித்தல்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டு ஏட்டை மூடிவிடுபவர் பலர். தாகூரோ அந்தக் கோடுகளிலிருந்தே தொடங்கினார். அறுபது வயதைக் கடந்த பின்னரும் அது சாத்தியமாயிற்று. உள்ளே உறையும் இறைவனின் படைப்பாற்றலுக்கு வயது இல்லை. அது கேட்பதெல்லாம் இன்றைய முதல் கோடு ஒன்றைத்தான்.