போர்ட்டிகோ சொட்டுகிறதா? ஐப்பசிக்கு முன் மாடிக்கு ஏறிப் பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். கேளம்பாக்கம், படூர், தையூர், கோவளம் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கையில் இருப்பது சில வாரங்கள்தான். கார் நிறுத்தும் போர்ட்டிகோவின் கூரையே மாடியில் உட்காரும் திண்ணையாக இருக்கும் வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. போன மழைக்கு அந்தத் தளம் சொட்டியிருந்தால் இப்போதே வேலையைத் தொடங்குங்கள்.

சொட்டிய இடத்தைக் கீழிருந்து பார்த்து, பட்டி வைத்து பெயின்ட் அடிப்பதைத்தான் எல்லோரும் செய்கிறோம். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது, அந்தப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி, விடிவதற்குள் கார் மேல் உரிந்து விழுந்தது. தண்ணீர் மேலே நுழைகிறது. கீழே அடைத்தால் தளத்துக்குள்ளேயே தங்கிக் கம்பியை அரிக்கும்.

முதலில் மழையில்லாத நாளிலும் சொட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பாத்ரூம் குழாயையோ ஏ.சி. தண்ணீரையோ சந்தேகப்படுங்கள். மழைக்கு மட்டும் என்றால் மேலே போய்த் தேடவேண்டிய இடங்கள்: சுவரும் தரையும் சேரும் மூலை, கைப்பிடிக் கம்பிக்குப் போல்ட் இறக்கிய துளை, கதவு நிலைப்படி, மழைநீர்க் குழாயின் வாய். டைல்ஸை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது. சந்தேகம் தீராவிட்டால் குழாய் வாயைத் துணியால் அடைத்து ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விடலாம். சதுர மீட்டருக்கு 25 கிலோ பாரம் அது. கீழே கம்பி தெரிகிற, தொய்ந்த தளத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது.

கம்பி விஷயத்தில் நம் ஊர் தனி. உப்பளமும் முட்டுக்காட்டுக் கழியும் கடலும் சுற்றியிருக்கும் இடம் இது. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் இறங்க, கம்பி துருப்பிடித்துப் பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பாளம் பாளமாகத் தள்ளும். தூண் இல்லாமல் சுவரிலிருந்து நீண்டு நிற்கும் போர்ட்டிகோவில் பாரம் தாங்கும் முக்கியக் கம்பிகள் தளத்தின் மேற்பக்கம் இருக்கும். டைல்ஸைப் பெயர்க்க பிரேக்கர் போட்டு ஆழமாகக் குடைந்தால் அடிபடுவது அந்தக் கம்பிதான். கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, உளியால் மெதுவாகப் பெயர்க்கச் சொல்லுங்கள். துருவேறிய கம்பி வெளியே தெரிந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

பெயர்த்தபின் வாட்டம் சரிபாருங்கள்: பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது குழாய் பக்கம் சரியவேண்டும். மூலைகளைச் செங்குத்தாக விடாமல் உருட்டிப் பூசி, வாட்டர்ப்ரூஃபிங்கை இரண்டு கோட்டாகச் சுவரில் ஓரடி உயரம்வரை ஏற்றி, குழாய் வாய்க்குள்ளும் இறக்கவேண்டும். கோட்டிங்குக்கு முன் தரை காய்ந்திருக்கிறதா என்றறிய, ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவிடவேண்டும். கோட்டிங் காய்ந்தபின் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகே டைல்ஸ். பூச்சுக்கும் க்யூரிங்குக்கும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீர் வேண்டாம்; ஐ.எஸ். 456 தர விதி, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடு வரைதான் அனுமதிக்கிறது.

பழைய மெட்ராஸ் தளங்களில் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்குவார்கள். அந்தப் பொறுமைக்கு இந்த வேலையிலும் இடமுண்டு. ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பணமோ நாளோ இல்லையென்றால், இந்த மழைக்கு மட்டுமாவது டைல்ஸ் இடுக்குகளைச் சுரண்டி எபாக்சி நிரப்பி, கைப்பிடி போல்ட்டுகளைச் சுற்றிப் பாலியூரித்தேன் சீலன்ட் வையுங்கள். முழு வேலையைப் பொங்கலுக்குப் பின் வெயிலில் எடுத்துக்கொள்ளலாம்.

பூந்தொட்டிகளைக் குழாய் வாயிலிருந்து இன்றே தள்ளி வையுங்கள். போர்ட்டிகோ விளக்கு வழியாகத் தண்ணீர் சொட்டினால் சுவிட்சைத் தொடாமல் மெயின் போர்டில் அந்த எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.