பயம் வேண்டாம், சொல்லு மகளே!

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் பலர் வாழ்கிறார்கள். அவர்களில் ஒரு தாய் இட்லி வியாபாரம் செய்கிறார். தினமும் அதிகாலை 3 மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பார்.

ஒரு நாள் மகளின் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. மகளுக்கு வயது 14. தாய்க்குக் கோபம் வந்தது. போனைப் பிடுங்கக் கை நீட்டினார். மகள் அழுதுகொண்டிருந்தாள். தாய் கையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்னம்மா? எதுவானாலும் சொல்லு. அடிக்க மாட்டேன்."

மகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். இன்ஸ்டாகிராமில் ஒருவன் பழக்கமானான். தானும் பள்ளி மாணவன் என்றான். அவள் தன் படம் ஒன்றை அனுப்பினாள். இப்போது அவன் தகாத படம் கேட்கிறான். தராவிட்டால், இருக்கும் படத்தையே கெட்ட படமாக மாற்றிப் பரப்புவேன் என்கிறான்.

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"போனைப் பிடுங்கிக்குவீங்கன்னு பயந்தேன்."

பிள்ளையின் பயம்தான் அவனுக்குப் பலம். தாய்க்கு அது புரிந்தது.

"தப்பு அவன் மேலே. நீ பயப்படாதே" என்றார்.

இருவரும் 1098-க்குப் பேசினார்கள். அன்று இட்லிக் கூடை தாமதமாகக் கிளம்பியது.

இப்போது அந்த வீட்டில் இரவு 9 மணிக்கு எல்லாப் போன்களும் அலமாரிக்குப் போய்விடும். தாயின் போனும்தான்! பகலில் மகள் தாய்க்கு இன்ஸ்டாகிராம் காட்டிக்கொடுக்கிறாள்.

தெரிந்துகொள்வோம்

1. இன்ஸ்டாகிராம், பேஸ்புக் கணக்கு தொடங்க 13 வயது நிரம்பியிருக்க வேண்டும்.
2. கணக்கைப் பூட்டி வைக்கலாம். பிறகு, நாம் அனுமதித்தவர்கள் மட்டுமே நம் படங்களைப் பார்க்க முடியும்.
3. மிரட்டல் வந்தால் பணமும் படமும் அனுப்பக் கூடாது. செய்தியை அழிக்கக் கூடாது, அதுவே சாட்சி. ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அந்த ஆளை பிளாக் செய்ய வேண்டும்.
4. தகாத எண்ணத்தோடு பிள்ளைகளை இப்படி மிரட்டுவது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம்.
5. குழந்தைகள் உதவிக்கு 1098. இணையக் குற்றம் பற்றிச் சொல்ல 1930.

கலந்து பேசுவோம்

1. மகள் ஏன் முதலிலேயே சொல்லவில்லை?
2. தாய் போனைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் பிள்ளை உங்களிடம் பயமில்லாமல் பேசுகிறதா?

எழுதிப் பழகுவோம்

குழந்தைகள் உதவி எண் ______.