பகலில் 97 இருந்தால் போதுமா?

அம்மாவுக்குக் கையில் பிரஷர் பார்த்து ‘நார்மல்’ என்று மிஸ்ஸி சொன்னதும் நிம்மதியாகிவிடாதே, தங்கச்சி. பல்மனரி ஹைப்பர்டென்ஷன் வேறு பிரஷர். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் ஏறுவது அது. கையில் பட்டை கட்டி அளக்க முடியாது.

இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குப் பகலில் ஆக்சிஜன் 96, 97 இருக்கும், தூங்கினதும் சரியும். தூக்கத்தில் எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் மேலோட்டமாகத்தான் ஓடும். நல்ல நுரையீரலுக்கு அது பெரிதில்லை. இவர்களுக்கோ ஆக்சிஜன் இறங்க இறங்க நுரையீரல் குழாய்கள் மேலும் சுருங்கும், இதயத்தின் வலது பக்கம் இன்னும் சிரமப்படும்.

காலைத் தலைவலி, ராத்திரியில் அடிக்கடி விழிப்பு, பகலெல்லாம் தூக்கம், கால் வீக்கம் இவற்றைக் கவனி. பீடோங், கூலிம் பக்கம் நம் அம்மாக்கள், “பால்மரம் சீவின உடம்பு, அசதி இருக்கத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நீ அப்படி விட்டுவிடாதே.

வீட்டில் ஆக்சிஜன் அளக்கும் விரல் கருவி இருக்கிறதா? நகப்பூச்சு, மருதாணி, ஃபேன் காற்றில் சில்லிட்ட விரல் எல்லாம் எண்ணை மாற்றும். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூட்டிக் காட்டலாம். 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை அந்தக் கருவி தவறவிட்டது வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. நம் நிறத்துக்கும் இது சேதிதான். இன்னொன்று, அம்மாவை எழுப்பி உட்காரவைத்து அளந்தால் அதற்குள் எண் ஏறிவிடும். அதனால் ராத்திரி முழுக்க விரலில் மாட்டியே பதிவெடுக்கும் சோதனைதான் நம்பத்தக்கது. 90க்குக் கீழே எவ்வளவு நேரம் இருந்தது என்பதை டாக்டர் அதில் பார்ப்பார். குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருந்தால் தூக்கச் சோதனை தேவைப்படலாம்; மூச்சு நிற்பதற்கு வைத்தியம் முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் மெஷின்.

டாக்டர் ஆக்சிஜன் எழுதினால், அவர் சொன்ன அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நுரையீரல் நோயும் சேர்ந்திருக்கும் சிலருக்கு அளவு கூடினால் கரியமில வாயு உடம்பில் தேங்கிவிடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் தீ எளிதில் பற்றும்; அங்கே சாமி விளக்கு, சூடம், சாம்பிராணி, கொசுவர்த்தி, சிகரெட் எதுவும் கூடாது. சாமி கோவித்துக்கொள்ள மாட்டார், விளக்கை ஹாலுக்கு மாற்று. மூக்கு காய்ந்தால் வாஸ்லின், விக்ஸ் தடவாதே. தண்ணீர் கலப்புள்ள ஜெல் எது என்று ஃபார்மஸியில் கேள். கரண்ட் போனால் ஆக்சிஜனுக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்.

டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை வேண்டாம். அப்பாவாக இருந்தால், ராத்திரிச் சம்சுவும் வேண்டாம். இரண்டுமே மூச்சை மந்தமாக்கும். மலை ஏற ஏறக் காற்றில் ஆக்சிஜன் குறையும். அதனால் 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராயில் ஒரு ராத்திரி தங்கலாம் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், முதலில் டாக்டரிடம் கேளுங்கள். கேமரன் மலை அதைவிட உயரம்.

மயக்கம், நெஞ்சுவலி, உதடு நீலம்பாய்தல் என்றால் விடியட்டும் என்று காத்திராதே, 999ஐ அழை. மற்றபடி சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையோ அலோர் ஸ்டார் சுல்தானா பாஹியாவோ, அடுத்த அப்பாயின்மெண்டுக்கு அம்மாவோடு நீயும் போ. “ராத்திரி ஆக்சிஜன் பதிவு எடுக்க வேண்டுமா, டாக்டர்?” என்று வாய்விட்டுக் கேள்.