துருப்பிடித்து இறுகிய ஸ்டீயரிங் ரிலேயைக் கழற்றும் விதம்



சாமான் ஏற்றவும், தோட்டத்து மண் பாதைகளில் போய் வரவும் பழைய லேண்ட் ரோவர் வண்டியை இன்னமும் விடாமல் வைத்திருக்கும் வியாபாரிகள் தஞ்சோங் ரம்புத்தான், செம்மோர் பக்கங்களில் உண்டு. இவ்வண்டி 1948-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அதே வருஷம் ஜூன் 16-ந் தேதி, நமக்கு அடுத்த சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைமார்கள் கொலையுண்டு அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அக்காலத்தில் ராணுவம் இவ்வண்டியைக் காடு மேடு பாராமல் ஓட்டிற்று. அந்த உழைப்பாளி வண்டிக்கு ஒரே ஒரு பொல்லாத இடம் உண்டு. அதுதான் ஸ்டீயரிங் ரிலே.

ஸ்டீயரிங் பெட்டியின் அசைவு நேரே சக்கரத்துக்குப் போவதில்லை. ஒரு நீண்ட தண்டு அதைக் கொண்டுவந்து ரிலேயின் மேல் கையில் சேர்க்கும். ரிலேயின் நடுத் தண்டு திரும்பும். கீழ்க் கை சக்கரங்களை இழுக்கும். ரிலே உட்கார்ந்திருப்பது சட்டத்தின் முன் குறுக்குக் கட்டையில் வைத்த குழாய்க்குள். மழைத் தண்ணீரும், ஈய லம்பத்து மணலும் அந்த இடுக்கில் புகுந்து வருஷக் கணக்கில் தங்கிவிடும். இரும்பு துருவானால் முன்னிருந்த அளவைவிடப் பல மடங்கு பருக்கும். ஆகவே குழாயும் ரிலேயும் ஒன்றோடொன்று வெல்டு வைத்ததுபோல் இறுகிக்கொள்ளும்.

ரிலே உள்ளே எண்ணெயில் ஓட வேண்டிய சாமான். மேல் மூடியிலுள்ள ஒரு போல்ட்டைக் கழற்றி எண்ணெய் விடலாம். ஆனால் விடுகிறவர் சிலரே. எண்ணெய் வற்றினால் திரும்பும் தண்டு தேய்ந்து ஸ்டீயரிங் கனக்கும், அல்லது ஆட்டம் கொடுக்கும். அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்.

வேலைக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பிப்பது உத்தமம். கம்பி பிரஷ்ஷால் மண்ணையும் துருவையும் நீக்கி, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் இடுக்குகளில் விட்டு வருக. பலர் கைக்கெட்டும் டபிள்யூ டி 40 டப்பாவையே நம்புகிறார்கள். 1953-ல் அமெரிக்காவில் அதை உண்டாக்கியது ஏவுகணைத் தகட்டில் ஈரம் சேராமல் தடுக்கவே. பெயரின் முதல் இரண்டு எழுத்துகளும் தண்ணீரை விலக்குவது என்ற பொருளுடையவை. இறுகிய துருவுக்கென்றே விற்கும் எண்ணெய் வேறு. அதை வாங்குவதில் சில வெள்ளி மிச்சம் பிடிப்பது புத்தியல்ல.

சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன் கிரில்லைக் கழற்றிய பின், ரிலேயின் கைகளைக் கவனிக்கவும். கையும் தண்டும் சேருமிடத்தில் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி அடையாளம் வைக்க வேண்டும். இல்லாவிடில் மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போய், நேரே ஓடும் வண்டிக்கு ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நிற்கும். கையை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அது தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே போவதால் முழுவதும் வெளியே எடுத்தாக வேண்டும். இதை அறியாமல் சம்மட்டியால் அடித்துக் கையை உடைத்த பட்டறைகளும் உண்டு. பிறகு புல்லரை மாட்டி இறுக்கி, கையின் ஒரு பக்கம் கனத்த சுத்தியலை அண்டை கொடுத்து, மறுபக்கம் மற்றொரு சுத்தியலால் தட்டுக. தண்டின் நுனியை அடிக்கலாகாது.

அசையவில்லையானால் நெருப்பு வைக்கலாம். ஆனால் எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, கையின் மேல் மட்டும். செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீர் ஊற்றிய கையைத் திரும்ப மாட்டவே கூடாது. அப்படி ஆறிய எஃகு நொறுங்கும் குணம் பெற்றுவிடும். அது ஓட்டத்தில் உடைந்தால் வண்டி நம் கையில் இல்லை. பழைய சாமான் கடையில் கை வாங்குகிறவர்களும் நீலம் பாரித்த நிறமோ, சுத்தியல் தழும்போ, மழுங்கிய பற்களோ கண்டால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடவும்.

கைகள் வந்தபின் மேல் போல்ட்டுகளையும், கீழ் வளையத்தின் போல்ட்டுகளையும் எடுத்தால் ரிலே மேல்நோக்கி வர வேண்டும். அது வராது! சட்டத்தின் இரு பக்கமும் ஸ்டாண்டு முட்டுகளைச் சிறிது இடைவெளி விட்டு வைத்து, ரிலேயின் கீழே ஒரு குட்டி ஜாக்கியை நிறுத்தவும். நடுத் தண்டை அமுக்காமல் வெளிக் கூட்டின் விளிம்பை மட்டும் அமுக்கும்படி ஒரு துண்டுக் குழாயை இடையில் வைப்பது அவசியம். ஜாக்கி வண்டியின் முன்பாகத்தைச் சற்றுத் தூக்கியதும், குறுக்குக் கட்டையின் குழாயைச் சுற்றிலும் சூடு காட்டித் தட்டி வருக. விடுபடும் நொடியில் வண்டி தொப்பென்று இறங்கும். கை, தலை எதுவும் கீழே இருக்கக் கூடாது. ஒரு நாளில் வராவிடில் அந்த இறுக்கத்திலேயே எண்ணெய் விட்டு இரவு முழுவதும் வைத்தால், காலையில் சில தட்டுகளில் வருவதுண்டு.

ரிலே வெளிவந்ததும் அதைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் சிலருக்கு உண்டாகும். உள்ளே பலத்த ஸ்பிரிங் ஒன்று அழுந்தியபடி இருக்கிறது. அவிழ்த்தால் துப்பாக்கிக் குண்டுபோல் பாய்ந்து முகத்தை உடைக்கும். முறை தெரிந்தவர் கூட அதைக் கனத்த சாக்கில் சுற்றிக் கட்டிய பிறகே பிரிப்பார். மற்றவர்கள் முழு ரிலேயாகவே புதிது வாங்குவது மேல்.

கூலி விஷயம் ஒன்று. பட்டறைக்காரர் சொல்லும் விலை பெரும்பாலும் சாமானுக்கும் சாதாரண வேலைக்குமே. இறுகிப்போன ரிலேயில் கழற்றும் வேலைதான் பெரிது, மாட்டுவது சொற்பம். எத்தனை நாள், நெருப்பு வைத்தால் எவ்வளவு, கை உடைந்தால் யார் பொறுப்பு என்று முதலிலேயே பேசி ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டால் பின்னால் மனஸ்தாபமில்லை. அந்த நாட்களில் கடைச் சாமானுக்கு வேறு வண்டியும் பேசி வைத்திருக்கலாம்.

புதியதை மாட்டுமுன் குழாயின் உட்பக்கத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தாராளமாகப் பூசி இறக்கவும். ரிலேயில் எண்ணெய் நிரப்பி, பழைய பூட்டு வாஷர்களையும் பின்களையும் எறிந்துவிட்டுப் புதியன போடுக. இரு பக்கமும் கடைசி வரை ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்து, ஆளில்லாத பாதையில் மெதுவாக ஓட்டியபின், எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிப் பார்க்கவும்.