இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கும்!

ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: எளிதில் தீப்பற்றும். ‘இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது, அப்படியானால் இன்ஃப்ளேமபிள் தீப்பிடிக்காதது’ என்று கணக்குப் போட்டுத் தின்னர் டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியவை

• இரண்டில் எந்தச் சொல் இருந்தாலும் தீயிலிருந்து தள்ளி வையுங்கள். ஆபத்தில் இரண்டும் ஒன்றே.

• தீப்பற்றாத பொருள்தான் வேண்டுமென்றால் ‘நான்ஃப்ளேமபிள்’ என்ற சொல்லைத் தேடுங்கள். சந்தேகத்துக்கு இடமில்லாத சொல் அதுதான்.

• படத்தையும் பாருங்கள். சாய்சதுரச் சிவப்புக் கட்டத்துக்குள் தீச்சுடர் இருந்தால், மொழி தெரியாவிட்டாலும் எச்சரிக்கை புரிந்துவிடும்.

• சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், ஸ்ப்ரே லேபிள்களை இன்றே படியுங்கள். அன்றாடம் கையாளுவதாலேயே பயம் விட்டுப்போகிறது.

• தின்னரைத் திறக்கும் முன் ஜன்னலைத் திறந்து, விளக்கை அணையுங்கள். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிப்போய்த் தள்ளியிருக்கும் சுடரிலும் பற்றும்.

• லேபிள் எழுதுவது நீங்களென்றால் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள், தமிழிலும் எழுதுங்கள். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனம் 1959இல் இந்தச் சொல்லைப் பரிந்துரைத்தது.

செய்யக்கூடாதவை

• முன்னால் ‘இன்’ வந்தாலே எதிர்ச்சொல் என்று முடிவுகட்டாதீர்கள். இந்த ‘இன்’ மறுப்பு அல்ல. தீமூட்டு என்று பொருள்படும் லத்தீன் வினையோடு வந்தது.

• ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதிய டேங்கர் லாரி அருகே சிகரெட் பற்றவைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடப் பொறி பட்டால் பற்றும்.

• ‘கம்பஸ்டிபிள்’ என்று பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அதுவும் எரியும், பற்றிக்கொள்ள இன்னும் கொஞ்சம் சூடு வேண்டும், அவ்வளவுதான்.

• தின்னர் போன்றவற்றைத் தண்ணீர் பாட்டிலில் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். எச்சரிக்கை பழைய டப்பாவோடு குப்பைக்குப் போய்விடும்.

• எரியும் பெட்ரோல்மீது தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பும். வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

• வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். பிள்ளைகளுக்கும் வேலைக்கு வரும் பெயிண்டருக்கும் இன்றே லேபிளைக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.