கோழி கொத்தும் விதைகள்: பெயர் சொல்லும் முன் செடியைப் பார்ப்போம்

நாகல் நகர்ப் பகுதியில் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டுக் கோழிகளை மேயவிடும் வீடுகள் இன்னும் உள்ளன. காலி மனை, வேலியோரம், சாக்கடைக் கரை எனச் சுற்றி மேய்ந்துவிட்டு அவை மாலையில் அடைய வந்துவிடும். வீட்டில் போடும் கம்பும் நொய்யும் போக, வெளியில் அவை என்னென்ன தின்கின்றன? இந்தக் கேள்வியை ஏழாம் வகுப்பில் ஒரு செயல்பாடாகச் செய்து பார்த்தேன். விதை பரவுதல், உணவுச் சங்கிலி, பறவைகளின் தகவமைப்பு ஆகிய மூன்று பாடங்களுக்கும் இது பயன்பட்டது.

ஏற்ற காலம், தேவையான பொருள்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் முளைத்த செடிகள் தை மாதத்தில் விதை முற்றி நிற்கும். அதுவே ஏற்ற காலம். காலித் தீப்பெட்டிகள், கைலென்ஸ், கட்டம் போட்ட தாள், ஒரு குறிப்பேடு போதும். மாணவர்கள் தங்கள் வீட்டுக் கோழியை அரை மணி நேரம் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். அது கொத்திய செடியின் விதையை ஒரு தீப்பெட்டியிலும், இலை, பூ, காயோடு கூடிய சிறு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள்ளும் வைத்துக் கொண்டுவர வேண்டும்.

கிடைத்தவை

புல் விதைகளே அதிகம். காக்காய்க்கால் புல், நெற்பயிரில் களையாக வரும் காட்டுக் குதிரைவாலி ஆகியவற்றை மாணவர்கள் கொண்டுவந்தனர். முள்ளுக்கீரை, குப்பைக்கீரை ஆகியவற்றின் கறுத்த பளபளப்பான விதைகளும் சாரணை விதையும் வந்தன. பழங்களில் மணத்தக்காளியும் கோவைப்பழமும் இருந்தன. ஒரே செடிக்கு வீட்டுக்கு வீடு வெவ்வேறு பெயர் இருந்தது. சௌராஷ்டிர மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் பாட்டிமார் சொல்லும் பெயர்களைச் சொன்னார்கள். எல்லாப் பெயர்களையும் குறிப்பேட்டில் எழுதவைத்தேன். தேர்வில் பின்தங்கும் ஒரு மாணவிதான் அதிகச் செடிகளை அடையாளம் காட்டினாள். வீட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை.

‘கடுகு’ என்று வந்த தீப்பெட்டி

ஒரு தீப்பெட்டியின் மேல் ‘கடுகு’ என்று எழுதியிருந்தது. உருண்டையான, கருமையான விதைகள், பார்வைக்குக் கடுகேதான். ஆனால் லென்ஸில் அவற்றின் மேல்தோல் வலைபோல் குழிகுழியாகத் தெரிந்தது. கிளை கொண்டுவரப்படவில்லை. விதையை எடுத்த மனைக்கே சென்று பார்த்தோம். முள் நிறைந்த இலை, மஞ்சள் பூ, தண்டை ஒடித்தால் மஞ்சள் பால். அது பிரம்மதண்டு.

இந்த விதை கடுகோடு கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998-இல் டெல்லியில் நடந்ததே சான்று. பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகு எண்ணெயைப் பயன்படுத்தியவர்களுக்குக் கால் வீங்கி, மூச்சுத் திணறி, இதயம் பாதிக்கப்பட்டது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோழிகளுக்கும் இந்த விதை நஞ்சு.

அப்படியானால் கோழி இதைத் தின்றதா? மாணவனிடம் கேட்டேன். “அந்த எடத்துல கொத்துச்சு சார், எதைத் தின்னுச்சுன்னு பாக்கல” என்றான். மறுநாள் கவனித்தபோது, கோழிகள் அந்தச் செடியைச் சுற்றியிருந்த புல் விதைகளையே கொத்தின. ‘கோழி கொத்திய இடத்தில் கிடந்தது’ வேறு, ‘கோழி தின்றது’ வேறு என்பது அன்று வகுப்பு முழுவதற்கும் புரிந்தது. அதன்பின் குறிப்பேட்டில் மூன்று பத்திகள் பிரித்தோம்: நான் கண்டது, பிறர் சொன்னது, செடியோடு ஒப்பிட்டு உறுதியானது.

கோழி தின்றால் நாமும் தின்னலாமா?

பல பிள்ளைகள் மனத்தில் இருக்கும் கேள்வி இது. வேலியோரப் பழங்களைப் பறித்து வாயில் போடும் வயது. ஆகவே இதைக் கட்டாயம் பேச வேண்டும். பறவையின் உடலும் நம் உடலும் ஒன்றல்ல. மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நம் நாக்கை எரிக்கிறது. பறவைகளுக்கு அந்த எரிச்சல் தெரிவதில்லை. கோழிக்குப் பல் இல்லை. தீனிப்பையில் சேர்ந்த விதை, அரைவைப்பையில் அது விழுங்கிய சிறு கற்களோடு சேர்ந்து அரைபடுகிறது. ஆகவே ‘கோழி தின்றது’ என்பது மனிதருக்கான பாதுகாப்புச் சான்று ஆகாது.

குன்றிமணி, ஆமணக்கு, ஊமத்தை, அரளி ஆகிய நான்கையும் மாணவர்களுக்குத் தனியே காட்டி எச்சரிக்க வேண்டும். தக்காளி, கத்தரி, மணத்தக்காளி, ஊமத்தை எல்லாம் ஒரே குடும்பம் என்றால் வியப்பார்கள். உறவு ஒன்றாக இருந்தாலும் குணம் ஒன்றல்ல என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆசிரியர் கவனத்திற்கு

1. எந்த விதையையும் பழத்தையும் சுவைத்துப் பார்க்கக் கூடாது.
2. எச்சத்தையோ நோயுற்ற கோழியையோ மாணவர்கள் தொடக் கூடாது. செயல்பாடு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
3. அடையாளம் உறுதியாகாத செடிக்கு ‘பெயர் தெரியவில்லை’ என்றே எழுதவிடுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.
4. ஐயம் வந்தால் அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையை அணுகலாம். தமிழகச் சமவெளித் தாவரங்களையும் பழனிமலைத் தாவரங்களையும் பதிவுசெய்த கே.எம். மாத்யூ அவர்களின் நூல்கள் அங்கே இருக்கக்கூடும்.

மதிப்பீட்டில் எத்தனை பெயர் தெரியும் என்று நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மாணவர் என்ன சான்று காட்டினார் என்றே பார்த்தேன். உங்கள் ஊரில் செடிகள் வேறாக இருக்கலாம். தீப்பெட்டியும் மூன்று பத்திகளும் எங்கும் பொருந்தும். வரும் தை மாதம் உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.